ஜாஸ் மனோதர்மத்தில் டிமினிஷ்ட் சுரவரிசை: ஒரு விமர்சன நோக்கு

ஓர் இசை மரபிலே புதியதோர் உத்தி தோன்றும்பொழுது அது கலைஞனது தேவையின் விளைவாகவே தோன்றுகின்றது. அதே உத்தி பாடநூலில் இடம்பெறும்பொழுது பெரும்பாலும் வாய்பாடாகி விடுகின்றது. இலக்கிய வரலாற்றில் இதற்கு எடுத்துக்காட்டுகள் பல உள. ஒரு காலத்தில் உணர்வின் உருவங்களாய் நின்ற யாப்பும் அணியும் பிற்காலப் பிரபந்தப் புலவரிடத்தும் சித்திரகவிகளிடத்தும் பயிற்சிக் கணக்குகளாக மாறியமை தமிழ் மாணவர் அறிந்ததே. உருவத்தின்மீது குற்றமா, அதனைக் கையாண்டோர்மீது குற்றமா என்ற வினா அங்கு எழுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் இசை வடிவங்களுள் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புவது ஜாஸ் இசையாகும். அதன் மனோதர்ம வாசிப்பிலே டிமினிஷ்ட் என வழங்கப்படும் எண்சுர வரிசை பெற்ற இடமும், அவ்விடம் காலப்போக்கில் மாறிய விதமும் இங்கு நோக்கப்படுகின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரை முக்கிய களமாகக் கொண்டு, ஆபிரிக்க அமெரிக்க மக்களிடையே உருவானது ஜாஸ். புளூஸ் பாடல்கள், தேவாலயப் பாடல்கள், ஊர்வல வாத்தியக் குழுக்களின் இசை, ஐரோப்பிய மரபின் சுரக்கூட்டுகள் ஆகியன அதன் ஊற்றுக்களாகும். ஒரு பாடலின் சுரக்கூட்டுத் தொடர் திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன்மீது கலைஞன் அவ்வேளையிலேயே புதியதொரு மெட்டைப் படைப்பது அதன் உயிர்நிலையாகும். சுரக்கூட்டென்பது ஒரே வேளையில் ஒலிக்கும் பல சுரங்களின் சேர்க்கை. ஒவ்வொரு சுரக்கூட்டும் சில கணங்களே நின்று அடுத்ததற்கு இடம் விடுகின்றது. ஆதலின், எந்தச் சுரக்கூட்டின்மீது எந்தச் சுரங்களை வாசிப்பது என்பது ஜாஸ் கலைஞனுக்கு மேடையிலே கணந்தோறும் எழும் நடைமுறைப் பிரச்சினையாகின்றது. டிமினிஷ்ட் சுரவரிசை இப்பிரச்சினைக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று.

அதன் அமைப்பு எளிது. ஒரு ஸ்தாயியிலுள்ள பன்னிரண்டு அரைச்சுர இடங்களிடையே, அரைச்சுர இடைவெளி ஒன்றும் முழுச்சுர இடைவெளி ஒன்றும் மாறிமாறி வருமாறு மேலேறினால் எட்டுச் சுரங்கள் கிடைக்கும். முழுச்சுர இடைவெளியில் தொடங்கும் வடிவம் டிமினிஷ்ட் சுரக்கூட்டின்மீதும், அரைச்சுர இடைவெளியில் தொடங்கும் வடிவம் டொமினன்ட் எனப்படும் சுரக்கூட்டின்மீதும் வாசிக்கப்படுகின்றன. இரண்டாவது வடிவத்தைச் சி என்னும் சுரத்திலிருந்து தொடங்கினால் சி, டி-பிளாட், ஈ-பிளாட், ஈ, எஃப்-ஷார்ப், ஜி, ஏ, பி-பிளாட் என அமையும். கர்நாடக இசைப் பயிற்சியுடையோர்க்கு இதனை வேறுவிதமாகவும் விளக்கலாம். சியைச் சட்ஜமாகக் கொண்டால் சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம், பிரதி மத்திமம், பஞ்சமம், சதுசுருதி தைவதம், கைசிகி நிஷாதம் என்பன தொடர்ந்து வரும். காந்தாரங்கள் இரண்டும் ஒருங்கே வருவதால் எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களுள் எதனுள்ளும் இவ்வரிசை அடங்காது. அந்தர காந்தாரத்தை நீக்கினால் 46 ஆவது மேளமாகிய ஷட்விதமார்க்கினியின் சுரங்களும், சாதாரண காந்தாரத்தை நீக்கினால் 52 ஆவது மேளமாகிய இராமப்பிரியாவின் சுரங்களும் எஞ்சும். சுரங்கள் இவ்வாறு ஒத்திருப்பினும் இராகம் வேறு, இது வேறு. இராகத்திலே சட்ஜம் அசையாது நிற்க ஏனைய சுரங்கள் அதனோடு கொள்ளும் உறவே பொருளாகின்றது. டிமினிஷ்ட் சுரவரிசையிலோ அத்தகைய சட்ஜம் ஒன்றில்லை. அதன் சிக்கலும் கவர்ச்சியும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

இவ்வரிசை முழுமையான சமச்சீர் உடையது. மூன்று அரைச்சுரங்களுக்கு ஒருமுறை அதே இடைவெளிகள் திரும்ப வருகின்றன. எனவே, சியில் தொடங்கினாலும், ஈ-பிளாட்டில் தொடங்கினாலும், எஃப்-ஷார்ப்பில் தொடங்கினாலும், ஏயில் தொடங்கினாலும் பெறப்படுவது அதே எட்டுச் சுரங்களே. சாதாரண மேஜர் சுரவரிசைக்குப் பன்னிரண்டு இடப்பெயர்ச்சிகள் இருக்க, இதற்கு மூன்றே உள. அந்த எட்டுச் சுரங்களுள் சி, ஈ-பிளாட், எஃப்-ஷார்ப், ஏ ஆகிய நான்கு இடங்களிலும் மேஜர் சுரக்கூட்டுகள் உறைகின்றன. நான்கும் ஒத்த தகுதியுடையன. ஒன்றும் மற்றொன்றுக்குத் தலைமை தாங்குவதில்லை. திசைகாட்டி நான்கு பக்கமும் வடக்கெனக் காட்டினால் பயணியின் நிலை யாதாகுமோ, அதுவே இவ்வரிசைக்குள் நுழைந்த செவியின் நிலையுமாகும்.

ஜாஸ் கலைஞர் கைக்கு வருமுன்னரே இவ்வரிசைக்கு ஐரோப்பிய மரபில் ஒரு வரலாறு இருந்தது. அதன் அடிப்படையான டிமினிஷ்ட் சுரக்கூட்டினைக் கார்ல் மரியா வொன் வேபர் 1821 இல் அரங்கேறிய தமது 'டெர் ஃபிரைஷுட்ஸ்' இசைநாடகத்தில் பேய்க்காட்சிக்குப் பயன்படுத்தினார். பின்னர் மௌனப் படங்களின் பியானோக் கலைஞர்கள் வில்லன் தோன்றும்போதெல்லாம் அதனையே ஒலித்து அதன் அச்சத்தைத் தேய்த்துவிட்டனர். எண்சுர வரிசையை முறையாகக் கையாண்டவர்களுள் ருஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி கோர்சக்கோவ் முதன்மையானவர். அவருடைய இசைநாடகங்களில் மானிட உலகு சாதாரண சுரவரிசைகளிலும், மாய உலகு இத்தகைய சமச்சீர் வரிசைகளிலும் ஒலிக்கக் காணலாம். அவருடைய மாணவரான ஸ்ட்ராவின்ஸ்கியின் 'பெட்ருஷ்கா'விலும் (1911) இவ்வரிசையின் செல்வாக்குத் தெளிவானது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் 1944 இல் வெளியிட்ட இசைமொழி பற்றிய நூலில், வரையறுத்த இடப்பெயர்ச்சியுடைய வரிசைகளுள் இரண்டாவதாக இதனை வைத்தார். எண்சுர வரிசை என்ற பொருளுடைய ஆங்கிலப் பெயரை ஆதர் பேகர் 1963 இல் வழங்கினார். இவர்களிடத்துப் பொதுவாகக் காணப்படும் பண்பொன்றுண்டு. இவ்வரிசை அவர்களுக்குத் தங்குமிடம்: மாயமும் தியானமும் காலம் உறைந்த நிலையும் அதன்மூலம் காட்டப்பட்டன. ஜாஸ் இசையிலோ அது பெரும்பாலும் கடந்து செல்லும் வழியாயிற்று. இவ்வேறுபாட்டினை விளங்கிக்கொள்ளாத விமர்சனம் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து தவறும்.

கடந்து செல்லும் வழி என்பதன் பொருள் யாது? ஜாஸ் பாடல்களின் சுரக்கூட்டுத் தொடரை இயக்குவது டொமினன்ட் சுரக்கூட்டாகும். சி-7 எனப்படும் சுரக்கூட்டிலே சி, ஈ, ஜி, பி-பிளாட் ஆகிய சுரங்கள் உள்ளன. ஈக்கும் பி-பிளாட்டுக்கும் இடையே மூன்று முழுச்சுர அளவான இடைவெளி உண்டு. செவிக்கு அது இறுக்கமாகப் படும். ஈ ஒருபடி மேலேறி எஃப்பை அடையவும், பி-பிளாட் ஒருபடி கீழிறங்கி ஏயை அடையவும் விழையும். இவ்வாறு எஃப் மேஜர் சுரக்கூட்டிலே இறுக்கம் தளர்கின்றது. இறுக்கமும் தளர்வும் மாறிமாறி வருதலே இவ்விசையின் நடை. டிமினிஷ்ட் சுரவரிசை சி-7 இன் நான்கு சுரங்களையும் தன்னகத்தே கொண்டு, மேலும் நான்கு சுரங்களைச் சேர்க்கின்றது. அவற்றுள் டி-பிளாட், ஈ-பிளாட், எஃப்-ஷார்ப் ஆகிய மூன்றும் உறுத்துவன. ஏ சற்று இனிமையானது. ஆகவே சுரக்கூட்டின் அடையாளம் அழியாமலே அதன் இறுக்கத்தை மிகுவிக்க இவ்வரிசை உதவுகின்றது.

இங்கு உற்றுநோக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. அந்த எட்டுச் சுரங்களுள் எஃப் இல்லை. சி-7 எந்தச் சுரத்தை நாடிச் செல்கின்றதோ, அந்தச் சுரமே வரிசையிலிருந்து விலக்கப்பட்டுள்ளது. வரிசைக்குள் எவ்வளவு நேரம் உலவினாலும் வீடு வராது. வீட்டை அடைய வேண்டுமாயின் வரிசையைவிட்டு வெளியேற வேண்டும். கற்பனை சுரம் வாசிக்கும் வித்துவான் எத்துணைக் கணக்குகளைத் தொடுப்பினும், அவை எடுப்பிலே வந்து பொருந்தும் கணத்திலேயே அவையோரின் தலை அசைகின்றது. டிமினிஷ்ட் சுரவரிசையின் கலைப்பெறுமதியும் அதனுள்ளே நிகழ்வதனைவிட, அதிலிருந்து வெளியேறும் கணத்திலேயே பெரிதும் தங்கியுள்ளது. இவ்வளவுகோலைக் கொண்டு ஜாஸ் வரலாற்றின் சில கட்டங்களை நோக்கலாம்.

முதலாவது, கோல்மன் ஹோக்கின்ஸ் 1939 ஒக்டோபர் 11 ஆந் திகதி நியூயோர்க்கில் ஒலிப்பதிவு செய்த 'பொடி அன்ட் சோல்'. ஜோனி கிறீன் 1930 இல் இசையமைத்த இப்பாடலை ஹோக்கின்ஸ் தமது டெனர் சக்ஸபோனில் இருமுறை சுற்றி வாசிக்கின்றார். தொடக்கத்துச் சில அடிகளைத் தவிர மூலமெட்டு ஏறத்தாழ மறைந்துவிடுகின்றது. சுரக்கூட்டுகளே மெட்டின் ஊற்றாகின்றன. பாடலின் தொடக்கப் பகுதியில் எஃப் மைனரிலிருந்து ஈ-பிளாட் மைனருக்கு இறங்குமிடத்தில் ஈ டிமினிஷ்ட் சுரக்கூட்டு இணைப்பாக வருகின்றது. இத்தகைய சுரக்கூட்டுகளை ஒவ்வொரு சுரமாகப் பிரித்து, மேலும் கீழுமாக அலையவிட்டு வாசித்தல் ஹோக்கின்ஸின் தனிவாசிப்பிலே முக்கியமானதொரு பண்பு. எனினும் கேட்போனுக்கு அது பயிற்சியாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு அலையும் அடுத்த சுரக்கூட்டின் வாசலிலே வந்து முடிவதும், முதற் சுற்றிலிருந்து இரண்டாவது சுற்றின் உச்சம்வரை ஒலியின் கனம் படிப்படியாக உயர்வதுமே அதற்குக் காரணங்கள். நடனத்துக்கும் மனோரதியத்துக்கும் உரியதாகக் கருதப்பட்ட பாடலிலிருந்து கடுமையான சிந்தனை வடிவமொன்றை ஹோக்கின்ஸ் எழுப்பினார். பொதுமக்களும் அவ்விசைத்தட்டினை விரும்பி வாங்கினர். கடினமான உருவம் மக்களைச் சென்றடையாது என்ற கூற்று எப்பொழுதும் செல்லுபடியாவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

இரண்டாவது கட்டம் 1940 களில் எழுந்த பீபொப் இயக்கம். ஹார்லெம் பகுதியிலிருந்த மின்டன்ஸ் பிளேஹவுஸ் போன்ற சிற்றரங்குகளிலே டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்ளி பாக்கர், தெலோனியஸ் மங்க் முதலியோர் நடன இசைக்குழுக்களின் கட்டுக்கு வெளியே புதிய மொழியொன்றை உருவாக்கினர். டொமினன்ட் சுரக்கூட்டின்மீது தாழ்த்திய ஐந்தாம் சுரமும் தாழ்த்திய ஒன்பதாம் சுரமும் அவர்களிடத்து அன்றாட வழக்காயின. கறுப்பின இசைக்கலைஞன் தன்னைக் கேளிக்கையாளனாக அன்றிக் கலைஞனாக ஏற்குமாறு கோரிய காலம் அது. இக்கோரிக்கைக்கும் அவ்விசையின் கடினத்துக்கும் தொடர்புண்டு. ஆயின் உறுத்தும் சுரம் ஒவ்வொன்றும் ஒடுக்குமுறையின் நேரடிப் பிரதிபலிப்பு என வாதிடுவது கொச்சையான சமூகவியலாகும். சமூக நிலைமை கலைஞனுக்குத் தேவையை உண்டாக்குகின்றது. அத்தேவைக்கான உருவத்தை அவன் தன் கலையின் உள்ளார்ந்த விதிகளோடு போராடியே பெறுகின்றான். இவ்விரண்டையும் இணைத்து நோக்குவதே பயனுள்ள விமர்சனமாகும்.

டியூக் எலிங்டனின் குழுவில் ட்ரொம்போன் வாசித்த போட்டோ ரிக்கோ நாட்டவரான ஹுவான் டிசோலின் பெயரோடு இணைந்த, 1936 இல் முதன்முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட 'கரவான்' இச்சந்தர்ப்பத்தில் ஒப்புநோக்கத்தக்கது. அதன் முதற்பகுதியிலே சி-7 சுரக்கூட்டு பன்னிரண்டு தாளக்கட்டங்கள்வரை நீடித்து, அதன் பின்னரே நான்கு கட்டங்களுக்கு எஃப் மைனரை அடைகின்றது. டிமினிஷ்ட் சுரவரிசையை நாடுவோர்க்கு இது வாய்ப்பான களம். அதேவேளை கடுமையான பரீட்சையுமாகும். ஓரிரு கட்டங்களில் கடந்து செல்லும்பொழுது சமச்சீர் மின்னலெனப் பளிச்சிடும். பன்னிரண்டு கட்டங்களிலே அதே சமச்சீர் சுழற்சியாகிச் சலிப்பூட்டக்கூடும். இங்கு தேர்ச்சியுடைய கலைஞன் வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் செலவிடுவதில்லை. முதலில் இரண்டு மூன்று சுரங்களோடு நின்று, மௌனத்துக்கு இடமளித்து, எஃப் மைனர் அணுகும் வேளைக்கென உறுத்தும் சுரங்களைச் சேமித்து வைக்கின்றான். சுரங்களின் தெரிவைவிட அவற்றின் சிக்கனமே இங்கு பேசுகின்றது.

மூன்றாவதும் மிக முக்கியமானதுமான கட்டம் ஜோன் கோல்ட்ரேனுடையது. 1926 இல் பிறந்து 1967 இல் மறைந்த இக்கலைஞர் 1950 களின் பிற்பகுதியிலே சுரக்கூட்டுகளின் சாத்தியங்களை இறுதிவரை ஆராய முற்பட்டார். ஸ்தாயியைச் சம பகுதிகளாகப் பிரித்து அவற்றினடியாகச் சுரவரிசைகளைத் தொகுத்துத் தரும் நிக்கொலஸ் ஸ்லொனிம்ஸ்கியின் நூல் (1947) அவருடைய பயிற்சிக்குத் துணையாயிற்று. 1958 இல் அவருடைய அடர்ந்த வாசிப்பினை ஒலித் தகடுகள் என்ற பொருள்படும் தொடரால் விமர்சகர் ஐரா கிட்லர் வருணித்தார். 1960 இல் 'டவுன்பீட்' இதழில் வெளியான கட்டுரையிலே கோல்ட்ரேன் தமது முறையைத் தாமே விளக்கியுள்ளார். மைல்ஸ் டேவிஸின் குழுவில் தமக்குக் கிட்டிய சுதந்திரத்தைக் குறிப்பிடும் அவர், சி-7 சுரக்கூட்டின்மீது சிலவேளை ஈ-பிளாட்-7 ஐயும், அதற்கு மேலாக எஃப்-ஷார்ப்-7 ஐயும் ஏற்றி, பின்னர் எஃப்புக்கு இறங்குவதாகவும், அவ்வாறு ஒன்றின்மீது மூன்று சுரக்கூட்டுகளை வாசிக்க முடிந்ததாகவும் கூறுகின்றார்.

இச்சிறு விளக்கம் ஆழ்ந்து நோக்கற்பாலது. சி-7, ஈ-பிளாட்-7, எஃப்-ஷார்ப்-7 ஆகிய மூன்றும் மேலே காட்டப்பட்ட எட்டுச் சுரங்களுக்குள் முற்றாக அடங்குவன. ஆயினும் கோல்ட்ரேன் அவற்றை ஒரு சுரவரிசையாக அன்றி ஒரு பயணமாக விவரிக்கின்றார். ஒரே கூட்டுக்குள் நின்று சுழல்வதற்குப் பதிலாக, படிப்படியாக மேலேறி, மூலச் சுரக்கூட்டிலிருந்து ஆகத் தொலைவான இடத்தை அடைந்து, அங்கிருந்து ஒரே அரைச்சுரத்தால் எஃப்பிலே இறங்குகின்றார். ஆகத் தொலைவான இடமே வீட்டுக்கு ஆக அண்மையானதாகவும் அமைகின்றது. சமச்சீரான அமைப்பொன்றிலே திசை இல்லை என முன்னர் கூறப்பட்டது. கோல்ட்ரேன் அதற்குத் திசையை வெளியிலிருந்து கொடுக்கின்றார்; அவ்வெளியீட்டு விசையே அவருடைய வாசிப்பின் வேகத்துக்கும் நியாயமளிக்கின்றது. 1959 இல் ஒலிப்பதிவான 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' இலே அவர் ஸ்தாயியை மூன்று சம பகுதிகளாகப் பிரித்து, அதனைப் பாடலின் அடித்தளமாகவே ஆக்கியமை இதே தேடலின் மற்றொரு முகமாகும்.

நான்காவது கட்டம் கல்விக்கூடத்தினுடையது. ஜோர்ஜ் ரசல் 1953 இல் வெளியிட்ட லிடியன் சுரக்கோட்பாடு பற்றிய நூல், ஒவ்வொரு சுரக்கூட்டுக்கும் அதற்குரிய சுரவரிசைகளைத் தொடர்புபடுத்தியது. எண்சுர வரிசையின் இரு வடிவங்களும் அதில் இடம்பெற்றன. ஜெரி கோக்கரின் மனோதர்மக் கைந்நூல் 1964 இல் வெளியாயிற்று. ஜேமி ஏபர்சோல்ட் 1967 முதல் பின்னணி இசைத்தட்டுகளோடு கூடிய பயிற்சித் தொகுதிகளை வெளியிட்டார். இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கர் ஜாஸ் கல்வியை வளர்த்தார். சிற்றரங்கிலே மூத்த கலைஞர் அருகில் நின்று செவிவழி பெறப்பட்ட அறிவு, இவ்வாறு வகுப்பறைக்கும் அச்சுக்கும் வந்தது. டிமினிஷ்ட் சுரவரிசை இம்மாற்றத்தில் மிகுந்த செல்வாக்குப் பெற்றமை தற்செயலன்று. பன்னிரண்டுக்குப் பதிலாக மூன்றே மூன்று விரலமைப்புகளைப் பழகினால் போதும். ஒரு சொற்றொடரைக் கற்றால் அதனை மூன்று அரைச்சுரம் மேலேயோ கீழேயோ நகர்த்தலாம். எங்கு நகர்த்தினும் பிழையாகாது.

பிழையாகாது என்பதிலேயே ஆபத்தும் உண்டு. பிழைக்கு இடமில்லாத இடத்திலே தெரிவுக்கும் இடமில்லை. இம்முறையில் பயின்ற வாசிப்புகளிலே மூன்று குறைகள் அடிக்கடி காணப்படுகின்றன. முதலாவது, இயந்திரகதியான அடுக்கு. நான்கு சுரங்களாலான ஒரு கோலம் மூன்று அரைச்சுரங்களுக்கு ஒருமுறை உயர்த்தப்படும்பொழுது, இரண்டாவது படியிலேயே மூன்றாவதும் நான்காவதும் கேட்போனுக்குத் தெரிந்துவிடுகின்றன. எதிர்பார்ப்பு நிறைவேறுவது இன்பமே. ஆனால் வேறெதுவும் நிகழாதபொழுது அவ்வின்பம் குன்றுகின்றது.

இரண்டாவது குறை தாளத்தோடு தொடர்புடையது. வாய்பாட்டு விளக்கங்கள் இதனை எளிதில் மறைத்துவிடும். நான்கு தட்டுகள் கொண்ட தாளக்கட்டத்தில் தட்டுக்கு இரண்டாக எட்டுச் சுரங்கள் கொள்ளும். எண்சுர வரிசை ஒரு கட்டத்தைச் சரியாக நிரப்பி, அடுத்த கட்டத்தின் முதற்றட்டிலே மேற்ஸ்தாயியின் தொடக்கச் சுரத்தை அடையும். இடைவெளியின் சமச்சீரோடு காலத்தின் சமச்சீரும் சேர்ந்துகொள்ள, இசை தையற் பொறியின் ஓட்டமாகி விடுகின்றது. அதுமட்டுமன்றி, சியில் தொடங்கி மேலேறினால் தட்டுகளில் விழுவன சி, ஈ-பிளாட், எஃப்-ஷார்ப், ஏ என்பன. சி-7 க்கு அடையாளம் தரும் ஈயும் பி-பிளாட்டும் தட்டுகளுக்கிடையே மறைந்துவிடுகின்றன. மாறாக, டி-பிளாட்டில் தொடங்கினால் டி-பிளாட், ஈ, ஜி, பி-பிளாட் ஆகியன தட்டுகளில் விழுந்து சுரக்கூட்டைத் தெளிவுபடுத்தும். எட்டுச் சுரங்கள் அவையே. தொடங்கும் இடம் ஒன்று மாறியதும் பொருள் மாறுகின்றது. சுரங்களின் பட்டியலை மாத்திரம் கற்பிக்கும் முறை இவ்வேறுபாட்டினைச் செவிக்கு உணர்த்துவதில்லை.

மூன்றாவது குறை வெளியேற்றம் பற்றியது. வரிசைக்குள் நுழையும் வழி பாடநூலில் உண்டு. வெளியேறும் வழி மாணவனது செவியிலேயே பிறக்க வேண்டும். எஃப் வரும் வேளையில் கோலம் இன்னும் முடியாதிருப்பதும், முடித்தாக வேண்டும் என்பதற்காகத் திடீரென அறுபடுவதும் பயிற்சி வாசிப்பின் அடையாளங்களாகும்.

டிட்ரொயிட் நகரில் 1929 இல் பிறந்து 2021 இல் மறைந்த பியானோக் கலைஞர் பரி ஹரிஸ் பல தசாப்தங்களாக வளர்த்த கற்பித்தல் முறை இவ்விடத்தில் மாற்றுச் சிந்தனையாக அமைகின்றது. அவர் டிமினிஷ்ட் சுரக்கூட்டினை ஏனைய சுரக்கூட்டுகளை ஈன்றெடுக்கும் தாயாக விளக்கினார். பி, டி, எஃப், ஏ-பிளாட் ஆகிய நான்கு சுரங்களுள் ஏதாவதொன்றை அரைச்சுரம் தாழ்த்தினால் ஒரு டொமினன்ட் சுரக்கூட்டுப் பிறக்கும். பியைத் தாழ்த்தினால் பி-பிளாட்-7, டியைத் தாழ்த்தினால் டி-பிளாட்-7 என நான்கும் ஒரே குடும்பத்தவையாகின்றன. ஒரு சுரத்தை உயர்த்தினாலோ மைனர் ஆறாம் சுரக்கூட்டுகள் நான்கு கிடைக்கும். இங்கு மாணவன் கற்பது உறவுகளை. எந்தச் சுரம் அசைந்தால் எந்த வீடு திறக்கும் என்பதனை. சமச்சீர் குலையும் கணத்திலேயே பொருள் பிறக்கின்றது என்ற உண்மை, இம்முறையில் விரல்களுக்கும் செவிக்கும் ஒருங்கே புலனாகின்றது.

இவற்றைக் கொண்டு, நூற்கல்வியே ஜாஸ் இசையைக் கெடுத்தது எனச் சிலர் கூறும் முடிவுக்கு வருதல் பொருந்தாது. கோல்ட்ரேனே நூலொன்றைத் துணையாகக் கொண்டவர். மேலும், பெருநகரச் சிற்றரங்குகளுக்குச் செல்ல வாய்ப்பற்ற இளைஞர் பலருக்கு அச்சு நூல்களும் இசைத்தட்டுகளும் அறிவின் வாயிலைத் திறந்தன. ஒரு கலையின் இரகசியங்கள் பொதுவுடைமையாவதை வெறுப்போர் பெரும்பாலும் அவ்விரகசியங்களை முன்னரே பெற்றவர்களாவர். 'இயல்பான திறமை' என்ற கூற்று, கறுப்பினக் கலைஞரின் நீண்ட பயிற்சியையும் அறிவுழைப்பையும் மறைக்கும் கருவியாகவும் பயன்பட்டது என்பதை மறத்தலாகாது. எண்சுர வரிசையை ஆராய்ந்து, அதனைத் தத்தம் வாசிப்பிலே சீரணித்துக்கொண்ட கலைஞர் பலர் பின்னரும் தோன்றினர். 2007 இல் மறைந்த சக்ஸபோன் கலைஞர் மைக்கல் பிரெக்கரின் வாசிப்பிலே அது அவருடைய குரலின் ஒரு பகுதியாகவே ஒலித்தது. அவரைப் பின்பற்றியோர் பலரிடத்து அதே கோலங்கள் குரலின்றி ஒலித்தமைக்கு வரிசை பொறுப்பாகாது.

இதற்கு மறுபுறமாக, ஆதாரச் சுரமற்ற இவ்வரிசை தன்னளவிலேயே விடுதலையின் குறியீடு என வாதிடுவதும் ஏற்கத்தக்கதன்று. எல்லாத் திசைகளும் சமமாகும்பொழுது எத்திசையிற் செல்வதும் பொருளற்றதாகி விடுகின்றது. ஹோக்கின்ஸிடத்தும் கோல்ட்ரேனிடத்தும் கேட்கும் விடுதலை, வீட்டினை மறந்தவனுடையதன்று. வீடு இருக்கும் இடத்தை நன்கறிந்து, அதனைவிட்டு எவ்வளவு தொலைவு செல்லலாம் எனச் சோதித்துப் பார்ப்பவனுடையது. தொலைவு மிகுந்தோறும் திரும்புதலின் பெறுமதியும் மிகுகின்றது.

எனவே டிமினிஷ்ட் சுரவரிசையைக் கையாளும் ஒரு வாசிப்பினை மதிப்பிடுவோர், கலைஞன் எட்டுச் சுரங்களையும் பிழையின்றி வாசித்தானா எனக் கேட்பதோடு அமைதல் கூடாது. எந்தச் சுரத்தில் நுழைந்தான், எந்தச் சுரத்தைத் தட்டிலே நிறுத்தினான், எதனைச் சொல்லாமல் விட்டான், வரிசையில் இல்லாத அந்த ஒரு சுரத்தை எவ்வாறு அடைந்தான் என்பனவே கேட்கப்பட வேண்டிய வினாக்கள். உருவமும் உள்ளடக்கமும் பற்றி இலக்கிய உலகிலே நிகழ்ந்த நீண்ட விவாதத்துக்கும் இவை அந்நியமானவையல்ல. எடுத்துக்கொண்ட யாப்பு எத்துணைச் சீரியதாயினும், அதற்குத் திசை கொடுப்பவன் கவிஞனே. எட்டுச் சுரங்களை நூல் தரும்; ஒன்பதாவதைக் கலைஞன் தேடியடைய வேண்டும்.